கைதட்டினால் அசையலாம்

2023 மே மாதம், கோயம்புத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பின் வாசலில் மூன்று பெண்கள் உடம்பெங்கும் வெள்ளிச்சாயம் பூசிக்கொண்டு பீடங்களில் சிலைகளாக நின்றார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளர் ரெஜினா. யார் என்ன செய்தாலும் அசையக்கூடாது, தான் கைதட்டிய பிறகுதான் இறங்கவேண்டும் என்பது அவள் வைத்த சட்டம்.

மாப்பிள்ளையின் சித்தப்பா நடுவில் நின்ற பிரவீணாவின் கன்னத்தைக் கிள்ளினார். “நெசமாலுமே பொண்ணுதானுங்களா?” என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு இடுப்பிலும் கிள்ளினார். பிரவீணா அசையவில்லை. கண்ணீர் மட்டும் சாயத்தின் மேல் கோடு போட்டு இறங்கியது.

ரெஜினா ஓடிவந்தாள். “கையை எடுங்க சார்!”

“ஏம்மா, சிலையத் தொட்டா என்ன? காசு குடுத்துத்தான நிக்க வெச்சிருக்கறோம்?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கை மறுபடியும் நீண்டது. அப்போதும் அந்தப் பெண் சட்டத்தை மீறாமல் நின்றதைப் பார்த்தபோதுதான் ரெஜினாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவள் பலமாகக் கைதட்டினாள். “எறங்கு கண்ணு. இப்ப அசையலாம்.”

சித்தப்பாவின் கன்னத்தில் ஐந்து வெள்ளி விரல்கள் பதிந்ததைக் கூட்டமே பார்த்தது.

அடுத்த முகூர்த்தத்தில் அந்த மண்டபத்து வாசலில் பிளாஸ்டிக் சிலைகளை வைத்தார்கள்.