சம்மனசின் கை

"டீச்சர், இது உங்களுக்கே நல்லா இருக்குதா?"

மாதா கோயில் மைதானத்தில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. விடுவிடுவென்று உள்ளே வந்த செல்லம்மாள், மாதா வேஷம் போடும் மகள் ரெஜினாவின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

மணிக்கட்டு வரை பழுப்பு. தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் தோலை ஊறவைத்துப் பதனிடுகிறவர்களுக்கு இருக்குமே, அதே கறை.

"எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சேன். புளி போட்டுத் தேய்ச்சேன். சாம்பலும் போட்டாச்சு. தோலுதான் உரியுது, கறை போகல!"

சவுரியம்மாள் டீச்சர் வசனப் புத்தகத்தை மூடிவைத்தார்.

ஆம்பூரில் அந்த டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் வருமுன் மாதா வேஷம் என்றால் மீசையை மழித்த ஆம்பிளைதான். பெண்பிள்ளைகளை முதன்முதலாக மேடையேற்றியவர் அவர். ரயில்வே குமாஸ்தாவையும் தோல் ஷாப் கூலிக்காரரையும் ஒரே மேடையில் நிற்க வைத்தவரும் அவரேதான். 'பேஜார் புடிச்ச டீச்சர்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நாடகத்தன்று முன்வரிசைக்கு அடித்துக்கொள்வார்கள்.

"ராஜா கையும் இதே கலரு, இடையன் கையும் இதே கலரு. எல்லாரையும் தொட்டியில கையை முக்கச் சொன்னீங்களா? நாளன்னிக்கு, நாடகத்தன்னிக்கே, குடியாத்தத்துல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. உங்க நாடகத்தைப் பாக்கவா வர்றாங்க? எம் பொண்ணைப் பாக்க வர்றாங்க! ரெண்டு இடம் ஏற்கெனவே தட்டிப் போச்சு. இதுவும் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் முந்திக்கொண்டார்.

"என் தப்புதாம்மா. பொண்ணைத் திட்டாதீங்க."

"தப்புன்னு சொல்லிட்டா கறை போய்டுமா?"

"மாதா இல்லாம நாடகம் ஏது? அன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுக் குடுங்கம்மா."

மாதா பேரைச் சொன்னதும் செல்லம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "கை முக்காட்டுக்குள்ளேயே இருக்கணும், ஆமா!" என்று மகளிடம் விரலை ஆட்டிவிட்டுப் போனாள்.

செல்லம்மாளுக்கு நாடகம் பிடிக்காது என்றில்லை. போன வருஷம் மகளோடு உட்கார்ந்து ரசித்துப் பார்த்தவள்தான். தேவதூதன் கபிரியேல் சம்மனசாக வந்த சின்னசாமி ஆசீர்வதிக்கக் கறைபடிந்த கையைத் தூக்கியதும், "சம்மனசு மோட்சத்துல இருந்து வரல, தோல் ஷாப்புல இருந்து வருது!" என்று இருட்டில் ஒரு போடு போட்டாள். பந்தலே சிரித்து உருண்டது. சொன்னது யார் என்று தெரியாமலே ஊர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சின்னசாமி மூன்று பிள்ளைக்குத் தகப்பன். பாவம், வசனம் மறந்து அப்படியே நின்றுவிட்டான்.

நாடக நாள் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, செல்லம்மாள் முந்தானைக்குள் செபமாலையை உருட்டினாள்.

இந்த வருஷமும் சின்னசாமிதான் சம்மனசு. கையைத் தூக்கினான். ஒருவரும் சிரிக்கவில்லை. மேடையில் இருந்த அத்தனை கையும் ஒரே நிறம். யாரைப் பார்த்துச் சிரிப்பது?

அடுத்த நொடி ரெஜினா முக்காட்டிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து விரித்து, "இதோ, ஆண்டவருடைய அடிமை" என்றாள்.

'போச்சு!' என்று கண்ணை மூடிக்கொண்டாள் செல்லம்மாள்.

நாடகம் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா ரெஜினாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது வந்து... நாடகத்துக்காக... போய்டும்ங்க" என்று இழுத்தாள் செல்லம்மாள்.

"போகாட்டி இன்னா?" அந்த அம்மாள் தன் கையை நீட்டினார். நகக்கண் எல்லாம் நீலம். "எங்க வூட்ல லுங்கி நூலுக்குச் சாயம் போடறோம். எல்லாருக்கும் கை இப்படித்தான். பூப்போல வளர்ந்த பொண்ணு, சாயத் தொட்டியைக் கண்டா மூஞ்சியைச் சுளிக்குமோன்னு பயந்துக்கினே வந்தேன். எங்களுக்குச் சம்மதம்மா!"

செல்லம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே டீச்சரிடம் போனாள். விளக்கு வெளிச்சத்தில் சின்னசாமி சிறகைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"போகட்டும் டீச்சர், நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. ஆனா இனிமே யாரையும் இப்படித் தொட்டியில கையை விடச் சொல்லாதீங்க."

"சரிம்மா" என்றார் டீச்சர்.

சின்னசாமி திரும்பிப் பார்த்தான். "டீச்சர் எங்கே சொன்னாங்கம்மா? கையை முக்கின அன்னிக்கு அவங்க ஜிகினா வாங்க வேலூர் போய்ட்டாங்களே!"

"சின்னசாமி, அந்தப் படுதாவை அவுத்துப் போடுப்பா" என்றார் டீச்சர் அவசரமாக.

"அவுக்கறேன் டீச்சர்." அவன் பேச்சை விடவில்லை. "நான்தாம்மா, இந்த வருஷம் வரமாட்டேன், கையைப் பார்த்து சிரிப்பாங்கன்னு சொல்லிட்டேன். ரெஜினா பாப்பா நேரா ஷாப்புக்கு வந்து தொட்டியில ரெண்டு கையையும் விட்டுச்சு. ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. அதைப் பார்த்துதான் மத்தவங்களும் விட்டாங்க. 'ஏன் பாப்பா இப்படி?'ன்னு கேட்டேன். 'அந்தச் சிரிப்பு எங்க வூட்லதான் ஆரம்பிச்சுது அண்ணே, எங்க வூட்டோடயே முடியட்டும்'னுச்சு."

சிறகை மடித்து வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எனக்குத்தான் அது இன்னான்னு இன்னும் புரியலம்மா. உங்களுக்குப் புரியுதா?"