ஏழு காவலாளிகள்

"அண்ணே, நம்ம ஏழு பேரும் ஒழுங்கா நிக்கிறாங்களா?" தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார் கேப்டன்.

"நிக்கிறாங்க சார். இந்தக் கப்பல்லயே லீவு கேக்காத ஆளுங்க அவங்கதான்," என்றார் சமையல்காரர்.

ஏழு பேரும் பொம்மைகள். பழைய சட்டை பேன்ட்டுக்குள் கந்தலைத் திணித்து, ஹெல்மெட் மாட்டி, துடைப்பக் கட்டையைத் துப்பாக்கியாகக் கட்டி, மேல்தளத்துக் கம்பியோரம் நிறுத்தியவர் சமையல்காரர்தான். கொள்ளைக்காரன் கண்ணுக்குக் காவல் பலமாகத் தெரிய வேண்டுமாம். உயிருள்ளவர்கள் எல்லோரும் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சின்னப் படகு ஒன்று நேராக இவர்களை நோக்கி வந்தது.

சமையல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மாதத்துக்கு முன் இதே வழியில், இதே மாதிரிப் பொம்மைகளோடு போன சரக்குக் கப்பலில்தான் அவர் மச்சான் இருந்தான். புயல் இல்லை, உதவி கேட்டு ஒரு குரல் இல்லை. கப்பல் அப்படியே காணாமல் போனது.

"என் தம்பி கடைசியா என்ன அனுப்பினான்? 'படகு வந்துச்சுக்கா, பொம்மையப் பாத்துட்டு ஓடிருச்சு'ன்னுதானே? தப்பிச்ச கப்பல் எப்படிங்க காணாம போகும்?" மனைவி கேட்காத நாளில்லை. இதுதான் கடைசிப் பயணம் என்று மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

"பின்பக்கம் போயிட்டான்... இங்கேர்ந்து தெரியலையே!" என்றார் கேப்டன்.

சமையல்காரர் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் படகு கப்பலின் பின்பக்கத்திலிருந்து வெளியே வந்தது. ஒரு கணம் தயங்கியது. பிறகு வந்த வழியே பறந்தது.

"ஓடிட்டான்! உங்க பசங்களப் பாத்து பயந்து ஓடிட்டான்ணே!" கேப்டன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "கதவத் திறங்கப்பா! எல்லாருக்கும் டீ!"

சமையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லை எடுத்து மனைவிக்குத் தட்டினார்: 'படகு வந்துச்சு. பொம்மையப் பாத்துட்டு ஓடிருச்சு.'

அனுப்பிய பிறகுதான் எங்கோ படித்த வரி போல உறுத்தியது. அதை உதறிவிட்டு, தம் பிள்ளைகளுக்கு நன்றி சொல்ல மேல்தளத்துக்குப் போனார். மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொரு தோளாகத் தட்டிக்கொண்டே நடந்தார்.

"சபாஷ்டா ஒண்ணு... சபாஷ்டா ரெண்டு..."

ஏழையும் தட்டி முடித்தார். கம்பியோரம் இன்னொருவன் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தான். அவன் சட்டையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.