மூப்பரின் வரவேற்பு

"ஏம்மா, இது எங்க குடும்பம் உட்கார்ற பெஞ்சு," என்றார் சபை மூப்பர்.

முன்வரிசையில் அமர்ந்திருந்த பெண் சட்டென்று எழுந்தாள். "சாரி அங்கிள். இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றேன்."

"பார்த்தாலே தெரியுது. ஆராதனைக்குப் போட்டுட்டு வர்ற உடுப்பா இது? எங்க படிக்கிற?"

"பக்கத்து காலேஜ்ல."

"அதானே பார்த்தேன்! சபையில சாப்பாடு போடுற அன்னைக்கு மட்டும் ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு மூக்குல வேர்த்துடுமே. போ, பின்னாடி போய் உட்காரு."

அவள் மின்விசிறி இல்லாத மூலைக்குப் போனாள்.

"இதுங்கள ஆரம்பத்துலயே தட்டி வைக்கணும்," என்று மூப்பர் தன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

பாட்டு முடிந்ததும் போதகர் மைக்கைப் பிடித்தார். "காலேஜ் பிள்ளைங்க ஏன் நம்ம சபைக்கு வர்றதில்ல? அதை ஒரு மாணவியையே கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம்னு நம்ம மூப்பர்தான் யோசனை சொன்னார். அந்தத் தங்கச்சி வந்திருக்காங்க."

மூப்பர் நாலு பக்கமும் திரும்பித் தலையாட்டிக்கொண்டார்.

மூலையிலிருந்து அவள் எழுந்து வந்தாள்.

"காரணம் புரியாம ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டேன்," என்றாள். "நல்லவேளை, முன்பெஞ்சு அங்கிள் வந்ததுமே புரிய வெச்சுட்டார்."