நீங்களே சரிசெய்யலாம்

புனேயில், யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு வெப்சைட் மென்பொருளுக்கான டெவலப்பர் மாநாடு. பயிற்சி வகுப்பில் ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனி டீ-ஷர்ட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு புடவை. பேட்ஜில் ‘ஈனிட் சவரிமுத்து’ என்றிருந்ததைப் பார்த்து, பயிற்சியாளன் ஜெயசீலன் தமிழிலேயே கேட்டான்.

“எந்தக் கம்பெனி மேடம்?”

“கோந்த்வால ஒரு ஸ்கூல்ல கிளார்க் சார். ஸ்கூல் வெப்சைட்டையும் நான்தான் பாத்துக்கறேன்.”

“கோடிங் தெரியுமா?”

“ஆறு வருஷமா கத்துக்கறேன்.”

மென்பொருளைப் பற்றி வந்து தீராமல் கிடக்கும் பிழைப் புகார்களின் பட்டியலிலிருந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துச் சரிசெய்யச் சொன்னான். ஈனிட் பட்டியலின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

“அது வேணாம் மேடம். மராத்தியில போட்டா தேதி மாறிப்போற பிரச்சினை. ரொம்ப வருஷமா யாருமே தொடல. ஈஸியா வேற எடுங்க.”

“இதுவே இருக்கட்டும் சார்.”

மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டாள். ஜெயசீலன் மூன்று முறை சோதித்தான். தப்பு எதுவும் அகப்படவில்லை.

“எப்படி மேடம் இவ்வளவு சீக்கிரம்?”

“இந்தப் புகாரை எழுதினதே நான்தான் சார். பரீட்சைத் தேதி தப்பா வந்து, பேரண்ட்ஸ் எல்லாம் ஆபீஸ்ல வந்து சத்தம் போட்டாங்க.”

“யாரும் பதில் போடலியா?”

“போட்டாங்களே.”

ஜெயசீலன் திரையில் புகார்ப் பக்கத்தை மேலே நகர்த்தினான். புகாருக்குக் கீழே ஒரே ஒரு பதில். ‘இது எல்லாருடைய மென்பொருள். நீங்களே வந்து சரிசெய்யலாம். நல்வரவு!’ பதிலை ஒட்டி, தாடி வளர்ப்பதற்கு முந்தைய ஜெயசீலனின் படம்.

“கூப்பிட்டிருந்தீங்களே சார்” என்றாள் ஈனிட். “படிச்சிட்டு வர கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”