ஸ்டிக்கர் பொட்டு

'நான்' என்று பெயரிட்டிருந்த ஓவியத்தில் முகமே இல்லை. சாம்பல் நிறத்தைச் சுரண்டிச் சுரண்டி அடியிலிருந்து தமயந்தி வெளியே கொண்டுவந்த மஞ்சள் மட்டும்தான். கண்காட்சிக்கு வந்தவர்களில் ஒருவர் புயல் வரைபடம் என்றார். இன்னொருவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சாம்பார் கொட்டிய மேசை என்றார். தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் அம்மாவைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. மகனாக வீட்டைவிட்டுப் போனவள் மூன்று வருடம் கழித்துப் புடவையில் நிற்கிறாள். அம்மா என்னவென்று கூப்பிடுவாள்?

அம்மா கூப்பிடவே இல்லை. நேராக ஓவியத்தின் முன் போய் நின்று, பெண் பார்க்க வந்தவள்போல மேலும் கீழும் பார்த்தாள்.

"இது நீயா?"

"ஆமாம்மா."

"நெத்தி வெறுமையா கெடக்கு. பாத்ரூம் கண்ணாடியில ஒட்டி வைக்கிற பொட்டு தினம் ஒண்ணு காணாமப் போச்சே, எலி தூக்கிட்டுப் போச்சுன்னு நான் நம்பினேன்னா நெனச்சே? எந்த எலிடி பொட்டு வைக்கும்?"

சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்து, பெரியதாக ஒன்றை உரித்து, மஞ்சளின் மேல் ஒட்டி அழுத்தினாள்.

காவலாளி பதறி ஓடிவந்தார். "படத்தைத் தொடக் கூடாதும்மா!"

"எம் பொண்ணு நெத்திய நான் தொடக் கூடாதா?"

காவலாளி தமயந்தியைப் பார்த்தார். அவள் ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நெற்றி எங்கே இருக்கிறதென்று வரைந்த அவளுக்கே இதுவரை தெரியாது.

"கோணலா இருக்கா, தள்ளி நின்னு பாத்துச் சொல்லு" என்றாள் அம்மா, விரலை எடுக்காமல்.

தமயந்தி இரண்டடி பின்னால் போனாள். காவலாளியும் போனார்.