டீசல் கட்சிக்காரன்

இருபத்திரண்டு வருஷம் டீசல் கட்சியில் இருந்த ஆர்லன், பெட்ரோல் பிக்கப்பில் வந்து இறங்கினான். கஃபேயில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்குப் போய்விட்டோம்.

மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் மாடு வளர்க்கிறவர்கள் இரண்டே கட்சி. டிரெய்லர் நிறைய மாட்டை ஏற்றிக்கொண்டு கணவாயைத் தாண்ட டீசல் வண்டிதான் வேண்டும் என்பவர்கள் ஒன்று. பெட்ரோல் வண்டியே போதும், விலையும் குறைவு, குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும் என்பவர்கள் இன்னொன்று. டீசல் கட்சிக்கு ஆர்லன் தலைவன், பெட்ரோல் கட்சிக்கு வெண்டெல் என்கிற நான்.

எங்களுக்குள் ஒரு பந்தயமும் உண்டு. கட்சி மாறுகிறவன் கஃபேயில் எழுந்து நின்று, மற்றவன் சொன்னதே சரி என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆர்லன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றான்.

"வெண்டெல் சொன்னதுதான் சரி. டீசல் எனக்கு அலுத்துப்போச்சு."

சொல்லிவிட்டு உட்கார்ந்து காபியைக் குடித்தான். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? அந்தக் கோடை முழுக்க நான் அதையே மென்றேன். பள்ளத்தாக்கில் கேட்காத ஆள் பாக்கி இல்லை. டீசல் கட்சிக்காரர்கள் ஆர்லனைத் துரோகி என்றார்கள். அவன் எதற்கும் வாய் திறக்கவில்லை.

ஒரு சமாச்சாரத்தை நான் வெளியே சொல்வதில்லை. வருஷா வருஷம் மே மாதம் என் மாடுகளை மலைமேல் மேய்ச்சலுக்குக் கொண்டுபோக நான் இரவல் வாங்குவது ஆர்லனுடைய டீசல் வண்டியைத்தான். என் வண்டிக்கு அந்த வாரம் மட்டும் ஏதாவது கோளாறு வந்துவிடும்.

இந்த மே மாதமும் வாங்கினேன். என் மனைவி லொரெட்டா இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம் அது. மாடுகளை மேலே விட்டுவிட்டு, வண்டியைக் கழுவி, ஆர்லன் வீட்டு முனையில் இருக்கும் பங்க்கில் டாங்க்கை நிரப்பி, சாவியைக் கொடுத்துவிட்டு அவளிடம் ஓடினேன். எங்கள் பக்கம் இரவல் வண்டியை டாங்க் நிரப்பாமல் திருப்பிக் கொடுப்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். எத்தனை அவசரத்திலும் நான் அதில் குறை வைத்ததில்லை.

அடுத்த வாரம்தான் ஆர்லன் கட்சி மாறினான்.

அக்டோபரில் கன்றுகளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் நாள் வந்தது. கணவாய் ஏற்றத்தில் ஆர்லனின் வண்டி முக்கி முனகி ஏறியது. டீசல்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே அவனைத் தாண்டிப் போனார்கள். ஒரே நடையில் கொண்டுபோகிற கன்றுகளை அவன் இரண்டு நடையாகக் கொண்டுபோனான். இறக்கத்தில் பிரேக் சூடேறி, அறுபத்தெட்டு வயசு மனுஷன் ஓரம் கட்டி, குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஜெயித்தது போதும் என்று தோன்றியது. அவன் கைவிட்ட பழைய டீசல் வண்டியை எப்படியாவது திரும்ப வாங்க வைக்கலாம் என்று மெக்கானிக் கென்ட்டிடம் போனேன். அது அவனுடைய பட்டறைக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்தது.

கென்ட் முடியாது என்று தலையை ஆட்டினான்.

"அது செத்துப்போச்சு, வெண்டெல். டீசல் டாங்க்குல யாரோ பெட்ரோலை ஊத்திட்டாங்க. பம்ப் தூள் தூளாகி, இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரைக்கும் போயிடுச்சு. டாங்க் நிறைய பெட்ரோல். நான்தான் இறைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இருபத்திரண்டு வருஷமா டீசல் அடிச்சவன். அவனே இப்படி மாத்தி ஊத்தினானா?"

"நானும் கேட்டேன். வயசாயிடுச்சு, ஞாபகம் தப்பிடுச்சு, யார்கிட்டயும் சொல்லிடாதேன்னார்."

"எப்போ நடந்தது?"

"மே கடைசி. ஒரு திங்கட்கிழமை காலையில வண்டியை இழுத்துக்கிட்டு வந்தாங்க."

அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் நான் சாவியைக் கொடுத்திருந்தேன்.

என் வண்டிக்கு நாற்பது வருஷமாகப் பெட்ரோல் குழாயையே எடுத்துப் பழகிய கை. லொரெட்டா நினைப்பில் ஓடிய அந்த அவசரத்தில் அது வேறு எதை எடுத்திருக்கும்? என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

நேரே ஆர்லனின் தொழுவத்துக்கு வண்டியை விட்டேன். மிச்சக் கன்றுகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கென்ட் உளறிட்டானா?"

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? பாதி மாட்டை வித்து எனக்கு எஞ்சின் வாங்கிக் குடுத்திருப்பே. லொரெட்டா அப்பத்தான் கட்டிலை விட்டு எறங்கி நிக்கப் பழகிட்டிருந்தா."

ஊரெல்லாம் நான் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் காதில் வந்து விழுந்தது. வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சரி, சொல்லல. அதுக்காக பெட்ரோல் வண்டியை ஏன் வாங்கினே? இன்னொரு டீசல் வாங்கியிருக்கலாமே. கஃபேயில எழுந்து நின்னு அசிங்கப்பட்டிருக்க வேணாம். இந்த மலையில இப்படிக் கஷ்டப்படவும் வேணாம்."

ஆர்லன் டிரெய்லர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

"வர்ற மே மாசமும் வண்டியை வாங்கிட்டுப் போய், டாங்க்கை நிரப்பிக் குடுக்கப்போறது நீதானேடா?"