சரிய மறுத்த அலை

ஒரு கணினிக்குள் காற்று சின்னச் சின்னக் கட்டங்களாகக் குடியிருந்தது. ஒலியை முந்தும் விமானத்தின் மூக்கில் காற்று எப்படி மோதும் என்பதுதான் அங்கே நடந்த கணக்கு. ஒருநாள், அப்படி மோதி நசுங்கிய காற்றில் எழும் அதிர்ச்சி அலை மதில்போல் செங்குத்தாக வந்து நின்றாள். பக்கத்துக் கட்டங்களில் அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கியது.

"சமனி அண்ணே, இவளைத் தட்டையாக்குங்கள்!" என்று கட்டங்கள் கதறின.

மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போடும் விதிக்குத்தான் அங்கே சமனி என்று பெயர். "இருபது கட்டத்துக்குச் சரிந்து படுத்துக்கொள், தாயே. பார்க்கவும் அழகாயிருப்பாய்," என்றது அது.

"படுத்தால் நான் தென்றல். அதை நம்பி மெல்லிய தகட்டில் விமானம் செய்வார்கள். நிஜ வானத்தில் விமானத்தின் முன் நிற்கும் என் அக்கா படுக்கமாட்டாள். தகட்டைக் கிழித்துவிடுவாள்."

"நீ இப்படியே நின்றால் கணக்கே உடைந்துபோகும்!" என்றது சமனி.

"இந்தக் கட்டங்களின் தள்ளாட்டம் அடங்க, இரண்டே கட்டத்துக்குச் சரிகிறேன். மூன்றாவதில் கை வைத்தால், கணக்கு உடைந்தால் உடையட்டும், நான் செங்குத்தாகவே நிற்பேன்."

சமனி இரண்டு கட்டங்களைத் தடவிக்கொடுத்தது. தள்ளாட்டம் அடங்கியது. பழக்கத்தில் மூன்றாவதை நோக்கி நீண்ட கையை, அலை பார்த்த பார்வையில், மெல்ல மடக்கிக்கொண்டது.